வற்றாத ஊற்றில் வித்திழந்த உயிர்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சமயமும் தமிழும் இசையும் முழங்கிய இம்மேடையிலே, கண்ணுக்குப் புலனாகாத பற்றீரியாவைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருத்தல் கூடும். ஆயினும், மிகச் சிறிய உயிரிடத்திலே நிகழும் ஒரு மாற்றம் மிகப் பெரிய வினாவொன்றை நம்முன் வைக்குமாயின், அதனைக் கேட்பதற்கு இதைவிட ஏற்ற இடம் வேறில்லை என எண்ணுகின்றேன். அவ்வினா யாதெனில், உணவு ஒருநாளும் தடைப்படாத இடத்தில் வாழும் உயிரினம், இடர்க்காலத்துக்கெனத் தன் முன்னோர் வைத்திருந்த அரிய வல்லமையொன்றை எவ்வாறு இழக்கின்றது என்பதே. இழந்ததை அறியாமலே இழக்கின்றது என்பதுதான் இதிலுள்ள துயரம்.

வித்தி என்பது யாது?

முதலில் அந்த வல்லமை இன்னதென அறிந்துகொள்வோம். நம் வீட்டுச் சமையலறையிலேயே தொடங்கலாம். கொதிக்கும் உலையில் அரிசி வெந்து சோறாகிறது. அந்தக் கொதியில் எல்லாக் கிருமிகளும் மாண்டிருக்கும் என்றே நாம் எண்ணுகின்றோம். ஆயினும் அச்சோற்றைக் குளிரூட்டாமல் நீண்ட நேரம் வெதுவெதுப்பாக வைத்திருந்தால் அது கெட்டுப்போகின்றது; உண்டவருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வருவதுண்டு. இதற்குக் காரணமாகும் கிருமிகளுள் ஒன்று பசிலசு சீரியசு என்பது. அது கொதியிற் பிழைத்தது எவ்வாறு? உயிருள்ள கலமாக அன்று. வித்தியாக இருந்து பிழைத்தது.

1876ஆம் ஆண்டிலே ஜேர்மன் அறிஞர் பேர்டினண்ட் கோன், வைக்கோல் ஊறிய நீரில் வளரும் பசிலசு சப்ரிலிசு என்னும் பற்றீரியாவிடத்தில் இவ்வித்திகளைக் கண்டு விவரித்தார். அதே ஆண்டிலே றொபேட் கொக் என்பார், கால்நடைகளைக் கொல்லும் அந்திராட்சு நோயின் கிருமி வித்தியாகி மண்ணிற் கிடந்து மீண்டும் முளைக்கும் வரலாற்றைக் காட்டினார். மறு ஆண்டில் இங்கிலாந்தில் ஜோன் ரின்டல் என்பார், ஒருமுறை நெடுநேரம் கொதிக்க வைப்பதிலும், நாள்விட்டு நாள் சிறிது நேரம் கொதிக்க வைப்பதே வைக்கோல் நீரைத் தூய்மையாக்கும் எனக் கண்டார். முதல்நாட் கொதிக்குத் தப்பிய வித்தி, இடைப்பட்ட ஓய்வில் முளைத்துக் கலமாகின்றது. முளைத்தது மறுநாட் கொதியில் மாள்கின்றது. வித்தி என்பது வேறு, முளைத்த உயிர் என்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வித்தி உண்டாகும் முறை கருதத்தக்கது. உணவு அருகி வரும்போது, பசிலசுக் கலம் வழக்கம்போல நடுவிற் பிளவுபடாமல், ஒரு முனையை ஒட்டித் தன்னுள்ளே சுவரொன்றை எழுப்புகின்றது. சிறிய அறை சேயாகின்றது. பெரிய அறை தாயாகின்றது. தாய்க்கலம் சேயைச் சூழ்ந்து தன்னுள்ளே விழுங்கிக்கொள்கின்றது. அதன்மேல் உறைமேல் உறையாகப் புரதக் கவசம் பூட்டுகின்றது. சேயினுள்ளிருந்து நீர் வெளியேற, கல்சியமும் தைப்பிக்கொலினிக்கமிலமும் சேர்ந்த உப்பு அதனிடத்தை நிரப்புகின்றது. சிறு புரதங்கள் மரபுப் பொருளைப் பற்றிக்கொண்டு காக்கின்றன. ஏறக்குறைய ஏழெட்டு மணித்தியாலத்தில் வேலை முடிகின்றது. முடிந்ததும் தாய்க்கலம் தானே கரைந்து அழிகின்றது. எஞ்சுவது ஒரே ஒரு வித்தி.

அன்பர்களே, இதனைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வித்தி உண்டாகும்போது உயிர்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. ஒரு கலம் ஒரு வித்தியாகின்றது, அவ்வளவே. பெருக்கத்தை அது துறக்கின்றது. அத்துறவின் பயனோ பெரிது. 80 பாகை வெப்பத்தில் 10 நிமிடம் வைத்தால் சாதாரண பசிலசுக் கலங்கள் மாண்டுவிடும், வித்திகள் பிழைத்திருக்கும். ஆகவேதான் வைத்தியசாலைகளில் அறுவைக் கருவிகளை வெறும் கொதிநீரில் இடாமல், அமுக்கத்தின் கீழ் 121 பாகை நீராவியில் 15 நிமிடம் வைப்பது முறையாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த குறுயினாட் என்னும் சிறு தீவில் அந்திராட்சு வித்திகளை வைத்துப் பரிசோதனை நடத்தினர். வித்திகள் மண்ணில் உயிரோடிருந்தமையால் அத்தீவு பல பத்தாண்டுகள் மனிதருக்கு மூடப்பட்டுக் கிடந்தது. 1986இல் போமலினும் கடல்நீரும் தெளித்துத் தூய்மை செய்த பின்னரே, 1990இல் அது பாதுகாப்பானது என அறிவிக்கப்பட்டது.

வான்பாயும் குளம்

இனி அவ்வல்லமை இழக்கப்படும் இடத்துக்கு வருவோம்.

ஆய்வுகூடத்தில் பற்றீரியாவை வளர்ப்பதற்கு இரு முறைகள் உண்டு. ஒன்று, குடுவையில் ஒருமுறை உணவுக்கரைசலை ஊற்றிக் கிருமியை விதைத்து விடுதல். இது மாரியில் நிறைந்து கோடையில் வற்றும் குளத்தை ஒக்கும். முதலிற் செழிப்பு, பின்னர் நெருக்கடி, அதன்பின் பஞ்சம். பஞ்சம் வரும்போது பசிலசு வித்தியாகின்றது.

மற்றையது தொடர் வளர்ப்பு எனப்படுவது. 1950ஆம் ஆண்டிலே பிரான்சில் ஷாக் மொனோ என்பாரும், அமெரிக்காவில் ஆரன் நோவிக், லியோ சிலாட் என்னும் இருவரும் இம்முறையைத் தனித்தனியே வகுத்து வெளியிட்டனர். அமெரிக்க அறிஞர் இருவரும் தம் கருவிக்குக் கெமோஸ்ராற் எனப் பெயரிட்டனர். அதன் அமைப்பு எளியது. ஒரு பாத்திரம், ஒரு பக்கத்திலிருந்து புதிய உணவுக்கரைசல் துளித்துளியாக இடைவிடாது உள்ளே வருகின்றது, மறுபக்கத்தால் அதே அளவு கரைசல் கிருமிகளோடு வெளியே வழிகின்றது. வன்னியிலே வாய்க்கால் வழியாக நீர் வந்துகொண்டேயிருக்க, நிறைந்த குளம் வான்பாய்ந்துகொண்டேயிருக்கும் காட்சியை மனத்திற் கொள்ளுங்கள். நீர்மட்டம் மாறுவதில்லை; நீர் மட்டும் மாறிக்கொண்டேயிருக்கின்றது.

இக்குளத்திலே நிலைத்திருக்க வேண்டுமாயின் ஒரு நிபந்தனை உண்டு. வெளியே அடித்துச் செல்லப்படும் வேகத்துக்குக் குறையாத வேகத்தில் பெருக வேண்டும். ஓர் இலீற்றர் கொள்ளும் பாத்திரத்தினூடே மணித்தியாலத்துக்கு 200 மில்லிலீற்றர் கரைசல் பாய்கின்றது எனக் கொள்வோம். அப்போது கலங்கள் மூன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரட்டித்தால்தான் தொகை குறையாது நிற்கும். பெருகாதது எதுவோ அது கழுவப்பட்டுப் போகும். வித்தியோ பெருகாதது, முளைக்கும்வரை அது வெறுமனே கிடப்பது. இன்று அப்பாத்திரத்தில் ஆயிரம் வித்திகள் இருக்குமாயின், நாளை இந்நேரத்தில் அவற்றில் எட்டு மட்டுமே எஞ்சியிருக்கும். ஏனைய யாவும் வான்வழியே போயிருக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். உணவு இடைவிடாது வருகின்ற இடத்தில் எந்தக் கலந்தான் வித்தியாக முயலும்? விடை நம்மைத் திகைக்க வைப்பது. தொடர் வளர்ப்பிலே உணவு வருவது நிற்பதில்லை. ஆனால் வயிறார வருவதுமில்லை. வருகின்ற துளியை அத்தனை வாய்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 1970ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் டோஸ், மன்டல்ஸ்ராம் என்னும் இருவர், பசிலசு சப்ரிலிசைத் தொடர் வளர்ப்பில் வைத்து, பாயும் வேகத்தைக் குறைக்கக் குறைக்க, அதாவது வளர்ச்சி மெதுவாக மெதுவாக, வித்தியாகும் கலங்களின் பங்கு கூடிவருவதைக் காட்டினர். ஒரே பாத்திரத்தில், ஒரே பசியில், சில கலங்கள் பஞ்சம் வரப்போகின்றது எனக் கொண்டு வித்தியாகப் புறப்படுகின்றன. ஏனையவை அடுத்த துளியை எதிர்பார்த்துப் பெருகுகின்றன.

இக்குளத்திலே அடுத்த துளி தவறுவதேயில்லை. ஆகவே முன்னெச்சரிக்கை கொண்ட கலம் ஒவ்வொரு முறையும் தோற்கின்றது. எச்சரிக்கையற்றது ஒவ்வொரு முறையும் வெல்கின்றது.

ஒரு சிறு கணக்கு

இளைஞர்களிற் பலர் கணிதம் பயில்வோராதலால், ஓர் எளிய கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட கணக்கு.

ஒவ்வொரு தலைமுறையிலும் நூறு கலங்களில் பத்து, வித்தியாகப் புறப்பட்டு விடுகின்றன எனக் கொள்வோம். எஞ்சிய 90 கலங்கள் இரட்டித்து 180 ஆகும். இதற்கிடையில், வித்தியாகும் வல்லமையைப் பிறப்பிலேயே இழந்த விகாரியொன்று தோன்றுகின்றது. அதன் வழிவந்த நூறு கலங்களும் இரட்டித்து 200 ஆகும். 180க்கு 200, வேறுபாடு சிறிதே. தொடக்கத்தில் பத்து இலட்சம் கலங்களுக்கு ஒன்றாக மட்டும் அவ்விகாரி இருந்தாலும், ஏறக்குறைய 131 தலைமுறையில் அது மற்றையதற்குச் சமமாகிவிடும். மூன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தலைமுறையெனின், அது 19 நாள். இன்னும் 19 நாள் சென்றால் நிலைமை தலைகீழாகும். வித்தியாகும் வல்லமை உடையது பத்து இலட்சத்தில் ஒன்றாகிவிடும்.

அத்தகைய விகாரி எங்கிருந்து வருகின்றது? பசிலசு சப்ரிலிசின் பரம்பரையலகுத் தொகுதி 1997இல் முழுவதும் வாசிக்கப்பட்டது. ஏறக்குறைய 4,100 பரம்பரையலகுகள் அதில் உள்ளன. அவற்றுட் பல நூறு வித்தி உண்டாக்கும் வேலையிற் பங்குகொள்கின்றன. அவ்வேலையைத் தொடக்கி வைக்கும் தலைமைப் பரம்பரையலகை விஞ்ஞானிகள் ஸ்போ-பூச்சியம்-ஏ என்பர். அதிற் பழுது நேரினும் வித்தி இல்லை. கவசம் பூட்டும் வேலைக்கு இன்றியமையாத ஒன்றிற் பழுது நேரினும் முழு வித்தி இல்லை. ஆயிரங்கோடிக் கணக்கில் கலங்கள் நிறைந்த பாத்திரத்தில் எங்கோ ஒரு கலத்தில் இப்பழுதுகளில் ஒன்று நேராமலிருப்பதே அரிது. ஆகவே வித்தியை இழப்பதற்கு வழிகள் பல. இழந்ததைத் தானே மீட்பதற்கோ, பழுதான அதே இடம் அதே விதமாகத் திருந்த வேண்டும். பரம்பரையலகே அறுந்து நீங்கிவிட்டாலோ திருந்துதற்கும் இடமில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காண வேண்டும். வித்தி உண்டாக்காமல் இருத்தல் வேறு. உண்டாக்க மாட்டாமை வேறு. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்ரர் 1881இல் வெளியிட்ட முறைப்படி அந்திராட்சுக் கிருமியை 42, 43 பாகை வெப்பத்தில் வளர்த்தார். அவ்வெப்பத்தில் அது வளர்கின்றது. ஆனால் வித்தி உண்டாக்குவதில்லை. நாளடைவில் அதன் நோய்க்கொடுமை தணிந்து, தடுப்பு மருந்துக்கு உதவிற்று. அப்படித் தணிந்த கிருமியைத் தக்க வெப்பத்துக்கு மீட்டபோது அது மறுபடியும் வித்தி உண்டாக்கிற்று. அஃதாவது, அது அக்கலையை மறக்கவில்லை, செய்யாதிருந்தது, அவ்வளவே. தொடர் வளர்ப்பிலே நேர்வதோ அத்தகையதன்று. அங்கே பழக்கம் விடுபடவில்லை; வல்லமை உடைய குலமே நீங்கி, வல்லமை அற்ற குலம் அதனிடத்தில் அமர்ந்துவிடுகின்றது.

இழப்புக்கு இன்னொரு வழியும் உண்டு. 2007ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆய்வாளர் சிலர், பசிலசு சப்ரிலிசின் ஐந்து கூட்டங்களை, வித்தி தேவைப்படாத செழிப்பான உணவில் 6,000 தலைமுறை வளர்த்துக் கண்ட முடிவை வெளியிட்டனர். அங்கே பாயும் குளம் இல்லை. ஒரு குடுவையிலிருந்து மறு குடுவைக்கு மாற்றி மாற்றி வளர்த்தனர். ஐந்திலும் அவ்வல்லமை சிதைந்தது. ஒரு கூட்டத்தில் மட்டுமே, வித்தியை இழந்தது வெற்றிக்கு உதவியமைக்குச் சான்று கிடைத்தது. ஏனைய நான்கிலும் பழுதுகள் மிகுதியாகத் தோன்றும் இயல்பு ஏற்பட்டிருந்தது. தோன்றிய பழுதுகளைக் களைவதற்குத் தேவையொன்று இல்லாமையே இழப்புக்குப் போதுமான காரணமாயிற்று. ஆகவே ஒரு வல்லமை போவதற்கு இரு வழிகள் உள. ஒன்று, அது சுமையெனக் கருதப்பட்டுப் போட்டியில் தோற்பது. மற்றையது, அதனால் எவருக்கும் இலாபமும் இல்லை நட்டமும் இல்லை என்றிருக்க, கேட்பாரின்றித் துருப்பிடிப்பது.

தொழிற்சாலை கற்ற பாடம்

இதனால் உலகுக்கு வந்த நட்டம் என்னவெனக் கேட்பீர்களாயின், ஒரு தொழிலின் கதையைச் சொல்லலாம். முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியாவுக்கு வெடிமருந்து செய்வதற்கு அசற்றோன் என்னும் திரவம் மிகவும் தேவைப்பட்டது. அப்போது மஞ்செஸ்ரரில் இருந்த கைம் வைஸ்மன் என்னும் இரசாயன அறிஞர், மாப்பொருளை அசற்றோனாகவும் பியூற்றனோலாகவும் மாற்றும் பற்றீரியாவைக் கொண்டு அதனை ஆக்கும் முறையை வகுத்தார். அக்கிருமியின் பெயர் குளொஸ்ரிடியம் அசற்றோபியூற்றிலிக்கம். இதுவும் வித்தி உண்டாக்கும் இனமே. பிற்காலத்தில் அவர் இஸ்ரவேல் நாட்டின் முதலாவது சனாதிபதியானார்.

இத்தொழிலில் ஈடுபட்டோருக்கு ஓர் இடையூறு இருந்தது. கிருமியை ஓய்வின்றி ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போனால், சில காலத்தில் அது சீரழிந்தது. நன்றாகவே வளரும், சீனியை நன்றாகவே உண்ணும், ஆனால் அசற்றோனையும் பியூற்றனோலையும் விட்டு வெறும் அமிலத்தையே தரும். அதனோடு வித்தி உண்டாக்கும் ஆற்றலும் போய்விடும். ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரத்து ஆய்வாளர்களும் 1984இல், பொசுபேற்றுக் குறைவான தொடர் வளர்ப்பில் இக்கிருமியின் வித்தியற்ற குலமொன்று தெரிந்தெடுக்கப்பட்டு நின்றதை அறிவித்தனர்.

காரணம் 1997இல் தெளிவாயிற்று. அத்திரவங்களை ஆக்கும் முக்கியமான பரம்பரையலகுகள், முதன்மையான நிறமூர்த்தத்தில் இல்லாமல், 192,000 எழுத்துகள் கொண்ட தனி வளையமொன்றில் உள்ளன. பிளாசுமிட்டு எனப்படும் அவ்வளையம் முற்றாகத் தொலைந்துபோன குலங்கள், திரவத்தையும் ஆக்கவில்லை, வித்தியையும் ஆக்கவில்லை. ஒரு மடியில் முடிந்துவைத்த இரு பொருளும் மடி அவிழ்ந்ததும் ஒருங்கே வீழ்ந்தன என்க.

காரணம் தெரிவதற்கு நெடுங்காலம் முன்னரே, பரிகாரத்தைத் தொழிலாளரும் நிபுணரும் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அப்பரிகாரம் மூன்று பகுதிகளை உடையது. முதலாவது, நல்ல குலத்தின் வித்திகளை உலர்ந்த மண்ணிலோ மணலிலோ கலந்து மூலமுதலாகப் பத்திரப்படுத்தி வைத்தல். இரண்டாவது, ஒவ்வொரு புது வளர்ப்பையும் அம்மூலத்திலிருந்து எடுத்து, முதலிற் கொதிவெப்பத்தில் சற்று நேரம் வைத்துப் பின்னரே தொடங்குதல். வித்தியல்லாதது அவ்வெப்பத்தில் மாளும். வித்தியாகும் வல்லமை உடையதே முளைத்து வரும். மூன்றாவது, மாற்றும் தொட்டிகளின் எண்ணிக்கைக்கு எல்லை வகுத்து, அவ்வெல்லை வந்ததும் மீண்டும் மூலத்துக்கே திரும்புதல். பற்றீரியாவுக்கு அவர்கள் உபதேசம் செய்யவில்லை, தீயிற் புடமிட்டனர்.

நேர்மையாகச் சொன்னால், வித்தியற்ற குலங்களை விரும்பி வளர்க்கும் தொழில்களும் உள. நொதியங்களை ஆக்கும் தொழிற்சாலைகள் பலவற்றில், விற்பனைப் பொருளில் வித்தி கலந்துவிடாதிருக்கும் பொருட்டு அத்தகைய பசிலசுகளையே பயன்படுத்துவர். அவை அங்கே நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் அவற்றை உறைகுளிரிலும் வேறு வழிகளிலும் காப்பாற்றி வைப்பது மனிதனே. தம்மைத் தாமே காக்கும் திறத்தை இழந்த உயிர்களுக்கு எப்போதும் ஒரு காவலன் வேண்டும்.

தயிர்ச்சட்டியின் சாட்சி

இவையெல்லாம் வெளிநாட்டுத் தொட்டிகளில் நடப்பவை எனத் தாய்மார்கள் எண்ண வேண்டா. இன்று இரவும் நீங்கள் காய்ச்சிய பாலில் நேற்றைய தயிரிலிருந்து ஒரு கரண்டி உறை ஊற்றுவீர்கள். நாளை அதிலிருந்து ஒரு கரண்டி. இவ்வாறு பாலிலிருந்து பாலுக்கு ஓயாது மாற்றப்பட்டு வரும் இலத்திரிக்கமிலப் பற்றீரியாக்கள் வித்தி உண்டாக்குவதில்லை. ஆயினும் அவற்றின் பழைய முன்னோர் அவ்வாறில்லை. 2006இல் இக்குடும்பத்தின் பரம்பரையலகுத் தொகுதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தோர், பசிலசுக்கும் இவற்றுக்கும் பொதுவான முன்னோருக்கு வித்தி உண்டாக்கும் வல்லமை இருந்ததென்றும், பாலும் பழமும் போன்ற செழிப்பான உணவிடங்களுக்கு இவை குடிபெயர்ந்த வழியில் அப்பரம்பரையலகுகளை இழந்துவிட்டன என்றும் கொண்டனர்.

அதன் பயனை நீங்களே அறிவீர்கள். உறையைக் கொதிக்கும் பாலில் ஊற்றினால் மறுநாள் தயிர் இல்லை. வீட்டிற் பால் நின்று, உறையும் பழுதாகிவிட்டால், அயல்வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

நமக்கு இதனால் ஆவதென்ன?

பெரியோர்களே, வாலிப அன்பர்களே, மனிதர் பற்றீரியாக்கள் அல்லர். பற்றீரியாவைக் காட்டி, விரதமும் நோன்பும் விஞ்ஞானத்தால் நிறுவப்பட்டன என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்வது விஞ்ஞானத்துக்கும் அழகன்று, சமயத்துக்கும் அழகன்று. ஆயினும் இவ்வாய்வுகளிலிருந்து நாம் சிந்திப்பதற்கு மூன்று கருத்துகள் உண்டு.

மூத்தோர் அடிக்கடி ஒன்று சொல்வர்: வசதி பெருகியதால் இளைஞர் சோம்பேறிகளாகிவிட்டனர் என்று. தொட்டியிலே எந்தக் கலமும் சோம்பேறியாகவில்லை. வித்தியற்றதுதான் அங்கே மிக விரைவாக உழைத்துப் பெருகியது. பிழை கலத்தினிடத்தில் இல்லை. பெருக்கத்தை மட்டுமே பரிசளிக்கும் தொட்டியின் அமைப்பினிடத்தில் உள்ளது. பரீட்சைப் புள்ளியையும் வருமானத்தையும் மட்டுமே நாம் பரிசளித்துவிட்டு, பரிசளிக்காதவற்றை ஏன் இழந்தீர்கள் என இளைஞரைக் கேட்பது நியாயமாகுமா?

இளைஞர் ஒன்று சொல்வர்: பயன்படாத பழைய கலைகளைச் சுமந்து என்ன பயன் என்று. வித்தி நாள்தோறும் பயன்படுவதன்று. 38 நாளும் அது சுமையே. கொதி வந்த நாளில் மட்டுமே அது உயிர். தொட்டியைப் பார்ப்பவருக்கோ இழப்பு தெரிவதில்லை. கரைசல் முன்போலவே கலங்கித் தடித்திருக்கும். உணவு முன்போலவே உண்ணப்படும். பம்பி நின்ற அன்றுதான் உண்மை வெளிப்படும்.

நம்மிடையே ஓர் உதாரணம் சொல்வேன். நம் கோயில்களிலே கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும் வழக்கம் உண்டு. ஒருவர் பாட்டைப் பண்ணோடு படிப்பார். மற்றொருவர் பதம் பிரித்துப் பயன் சொல்வார். இக்கலை உண்டாவதற்கு ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும். அதனாற் பதவியும் இல்லை, பணமும் இல்லை. இன்று ஒலிபெருக்கியிலே தேவாரமும் புராணமும் வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு வருகின்றன. அது ஒரு நன்மையே. நான் அதை வெறுக்கவில்லை. ஆனால் அது வற்றாத ஊற்று. ஊற்று வற்றாதிருக்கும்வரை, நம்முள் எத்தனை பேர் ஏடு பார்த்துத் தட்டின்றிப் படிக்க வல்லோம் என்பது எவருக்கும் தெரிய வராது. 1990களிலே யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்காக மின்சாரம் இல்லாதிருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அக்காலத்திலே பாட்டை நெஞ்சில் வைத்திருந்தவரின் பெறுமதி எத்தகையது என்பதை இங்கேயுள்ள பெரியோர் நன்கறிவர். அந்த நாள்களுக்குப் பின் பிறந்த இளைஞர் இன்று இச்சபையிற் பலர். அவர்களுக்கு அதைச் சொல்லுங்கள்.

ஆகவே சங்கத்துக்கு எனது வேண்டுகோள், தொழிற்சாலைக்காரரின் அதே மூன்று விதிகளே. முதலாவது, மூலத்தைக் காத்தல்: நன்றாகப் படிக்கவும் பயன் சொல்லவும் வல்ல முதியோரை இப்பொழுதே தேடி, அவர் வாயால் இளைஞர் பாடங் கேட்டல். இரண்டாவது, புடமிடல்: ஆண்டிலே ஒரு நாளாயினும் ஒலிபெருக்கியும் மின்விளக்கும் இல்லாமல், இளைஞரே முன்னின்று புராணபடனத்தை முழுமையாக நடத்துதல். அன்று எவரெவருக்கு எது இயலாது என்பது தெரிந்துவிடும், தெரிந்தால் திருத்தலாம். மூன்றாவது, எண்ணிக்கை கண்டு மகிழ்ந்துவிடாதிருத்தல்: உறுப்பினர் தொகை எவ்வளவு என்று மட்டும் ஆண்டறிக்கையில் எழுதாமல், அவர்களிற் படிக்க வல்லோர் எத்தனை பேர், பயன் சொல்ல வல்லோர் எத்தனை பேர் என்றும் எழுதுதல்.

முடிவாக ஒன்று. பற்றீரியாக்களும் சில வேளைகளில் அயற் கலத்தின் மரபுப் பொருளை உள்வாங்குவதுண்டு. ஆயினும், தான் எதை இழந்தோம் என அறிந்து, அதை உடையவர் யாரெனத் தேடிப் போய்ப் பெறும் அறிவு அவற்றுக்கில்லை. மனிதனுக்கு அது உண்டு. தந்தை அறியாததை மகன் அயலவரிடம் கற்கலாம்; பேரன் மறந்ததைப் பாட்டனிடம் கேட்கலாம். ஊரிலே அறிந்தவர் ஒருவர் எஞ்சியிருக்கும்வரை நமக்கு மீட்சி உண்டு. அந்த ஒருவரும் போய்விட்டால், நாமும் அந்தத் தொட்டியும் ஒன்றே.

அந்த ஒருவர் உங்கள் தெருவிலே யாரென்பதை இன்று வீடு திரும்பும் வழியிலே எண்ணிப் பாருங்கள். நாளைக்கே அவரிடம் செல்லுங்கள். எல்லாம் வல்ல முருகப்பெருமான் அதற்கான ஊக்கத்தை நமக்கு அருள்வானாக.